டார்ச் பல்பைக் கொண்டு மின்சுற்றை அறியும் முறை

மின்சுற்றை நேரில் அறிய விரும்புவோர் வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட் இணைப்பைத் தொடவே கூடாது. 1.5 வோல்ட் பென்சில் பேட்டரிகள் இரண்டும், 2.5 வோல்ட் எனப் பொறிக்கப்பட்ட பழைய வகை டார்ச் பல்புகள் இரண்டும், முனைகளில் உறை சீவிய கம்பித் துண்டுகள் சிலவும் போதும். எல்.இ.டி. இதற்கு ஏற்றதன்று, அது நேர்முனை, எதிர்முனை மாறினால் எரியாது, இழை பல்போ எப்படி இணைத்தாலும் எரியும்.

முதலில் பல்பைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பகுதியை உற்றுப் பார்க்க வேண்டும். நடுவில் ஈயப் பற்று வைத்த சிறு பொட்டும், அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத வளையமும், வளையத்துக்கு வெளியே மரையுள்ள உலோகக் கழுத்தும் தெரியும். உள்ளிருக்கும் டங்ஸ்டன் இழையின் ஒரு முனை பொட்டுடனும் மறுமுனை கழுத்துடனும் சேர்ந்திருப்பதால், பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஒன்றில் நுழைந்து, இழையைக் கடந்து, மற்றொன்றின் வழியே பேட்டரிக்கே திரும்பினால்தான் இழை வெண்சூடாகி ஒளிவிடும். இரண்டு கம்பிகளையும் பொட்டிலேயே வைத்துவிட்டு, ‘பல்பு ஃப்யூஸ்’ என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அப்போது மின்னோட்டம் இழைக்குள் புகாமலே திரும்புவதால் பேட்டரியும் கம்பியும் சூடேறும். உடனே எடுத்துவிட வேண்டும்.

ஒரு பேட்டரியின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொடுமாறு வரிசையாக வைத்தால் 3 வோல்ட் கிடைக்கும். மின்னோட்டம் பாயும்போது அது சற்று இறங்கிவிடுமாதலால் பல்புக்குப் பாதகமில்லை.

இனி இரண்டாவது பல்பை முதல் பல்பின் தொடர்ச்சியாக, ஒரே பாதையில் இணைத்துப் பாருங்கள். 3 வோல்ட்டை இரண்டும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும்; ஆனால் ஒளி பாதியோடு நிற்காமல், இழை சிவந்து தெரியும் அளவுக்கு மங்கிவிடும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். கல்யாண வீடுகளில் தொங்கவிட்ட பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே இருண்டதற்கு இதுவே காரணம்.

மாறாக, ஒவ்வொரு பல்பிலிருந்தும் தனித்தனியே இரு கம்பிகளைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் கொண்டுசென்றால் அது பக்க இணைப்பு. இரண்டும் முழு வெளிச்சத்துடன் எரியும், ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையாது. வீட்டு விளக்குகள் இவ்வாறே இணைக்கப்படுகின்றன. பேட்டரி மட்டும் விரைவில் தீரும், ஏனெனில் அது இரு மடங்கு மின்னோட்டத்தைத் தர வேண்டியுள்ளது.

தொடரிணைப்பில் எந்தப் பல்பு பழுது என்பதையும் எளிதில் கண்டுபிடிக்கலாம். ஒரு பல்பின் பொட்டையும் கழுத்தையும் கம்பித் துண்டால் இணைத்தவுடன் மற்றது எரிந்தால், கம்பி வைத்த பல்பே பழுதானது. இதைப் பேட்டரிச் சுற்றில் மட்டுமே செய்ய வேண்டும்.