உதிர்ந்த இலையைப் பாடம் செய்வது எப்படி: குழந்தையோடு பத்து நாள் வேலை

என் மகளுக்கு நாலு வயது. வெளியே போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் அவள் கையில் ஓர் இலையாவது இருக்கும். போன வருடம் இலை உதிரும் பருவத்தில் அவற்றையெல்லாம் ஒரு பெரிய நோட்டுக்குள் வைத்து மூடினோம். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் பாதி இலைகள் கறுத்துப்போய், ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. "இலைக்கு உடம்பு சரியில்லையா அம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். இப்போது ஒவ்வொரு பருவத்திலும் செய்கிறோம், ஒரு தொகுப்பே சேர்ந்துவிட்டது.

பொறுக்குவது

பனியோ மழையோ காய்ந்த பிறகு போங்கள். ஈரமாக எடுத்து வந்த இலை கறுப்பதற்கே வாய்ப்பு அதிகம். மெல்லிய, தட்டையான இலைகள்தான் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. பெரணியும் புல்லின் கதிரும் சொன்னபடி கேட்கும். சதைப்பற்றுள்ள இலையும் அடுக்குப் பூவும் முதல் முறைக்கு வேண்டாம்.

பூவில் என் முதல் தேர்வு காகிதப்பூ. பெயருக்கேற்றபடி ஏற்கெனவே பாதி காகிதம்தான், நிறமும் நன்றாக நிற்கும். அதைக் குழந்தையின் கையில் கொடுத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். நாம் இதழ் என்று நினைக்கும் அந்த நிறமான மூன்றும் உண்மையில் இலைகள்தான். அவற்றின் நடுவே குட்டிக் குழாய் மாதிரி நிற்பதுதான் பூ. அதை என் மகளிடம் காட்டியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை. பூவுக்குள் பூ தேடியே மாலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. அரளி, ஊமத்தை இரண்டும் முழுக்க நஞ்சு. இந்த வேலைக்கு அவை வேண்டவே வேண்டாம். பெயர் தெரியாத செடியையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிடுங்கள். எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் காய், விதை எதையும் பொறுக்க வேண்டாம்.

அடுக்குவது

கீழே ஓர் அட்டை, அதன் மேல் நாலைந்து செய்தித்தாள், இலைகள், மறுபடி நாலைந்து செய்தித்தாள், மேலே ஓர் அட்டை. அவ்வளவுதான். இலைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. பூ வைப்பதாக இருந்தால் செய்தித்தாளுக்கும் பூவுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள், மை ஒட்டாது. டிஷ்யூ வைக்காதீர்கள், அதில் இருக்கும் புள்ளிகள் அப்படியே இதழில் பதிந்துவிடும். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. என் முதல் நோட்டிலும் அதே கோளாறுதான்: பளபளப்பான கெட்டித் தாள்.

அட்டை என்றால் பார்சல் பெட்டியின் அட்டைதான். அதன் உள்ளே நெளிநெளியாக இருக்கும் வரிகளின் வழியே காற்று போய் வரும். இதற்கென விற்கும் மர அழுத்திகளை விட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. குழந்தையே தூக்கி வைக்கலாம், கிழிந்தால் வேறு வெட்டிக்கொள்ளலாம். மேலே கனமான புத்தகங்கள் நாலைந்து வைத்தால் போதும்.

தாள் மாற்றுவது (இங்கேதான் நான் சறுக்கினேன்)

வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்துத் திறக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அது தவறு. இலையிலிருந்து வெளியேறும் ஈரம் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் அதிகம். அந்த ஈரத்தைக் குடித்த தாளை அப்படியே விட்டால் இலை அந்த ஈரத்திலேயே கிடக்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால் முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றுங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எடுத்த தாளைத் தூக்கிப் போட வேண்டாம், காயவைத்தால் மறுபடி உதவும். மழைக்காலத்தில் ஐந்து நாள் வரைக்கும் தினமும் மாற்றுகிறேன்.

சீக்கிரம் உலர்ந்தால் நிறமும் நிற்கும். பச்சையம் எளிதில் சிதையும். மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டுகள் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். பச்சை இலை பழுப்பாவதும், மஞ்சள் இலை மஞ்சளாகவே இருப்பதும் அதனால்தான்.

முதலில் இந்தத் தாள் மாற்றும் வேலை எனக்குச் சுமையாகத்தான் தெரிந்தது. இப்போது எங்கள் நாளிலேயே நான் மிகவும் விரும்பும் நேரம் அதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கடியில் உட்காருவோம். புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்குவது அவள் பொறுப்பு. பழைய தாளை நான் மெதுவாக உரிப்பேன். இலை நேற்று எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி என்று அவள் சொல்வாள். "நரம்பு தெரியுது" என்பாள். சத்தமில்லாமல் கால் மணி நேரம் போய்விடும். காத்திருக்கச் சொன்னால் நாலு வயதுக்குப் புரியாது. தினமும் கைக்கு ஒரு வேலை இருந்தால் பத்து நாளையும் அது தானாகவே கடந்துவிடுகிறது.

உலர்ந்ததா என்று பார்ப்பது

காம்பைப் பிடித்துத் தூக்கினால் இலை வளையாமல் நிற்க வேண்டும். அதைவிட நல்ல சோதனை கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இந்தச் சோதனையைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, இலையைக் கன்னத்தில் ஒற்றி, யோசித்து, பிறகுதான் தீர்ப்பு சொல்வாள். மெல்லிய இலைக்கு ஏழு முதல் பத்து நாள், கெட்டியானதற்கு இரண்டு வாரம் பிடிக்கும்.

ஒட்டுவது

குச்சிப் பசையை அழுத்தித் தேய்த்தால் காய்ந்த இலை நொறுங்கிவிடும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மெல்லிய தூரிகையால் இலையின் பின்புறம் அங்கங்கே தொட்டு வைத்தால் போதும். கெட்டியான தாளில் ஒட்டி, மேலே வெள்ளைத் தாள் போட்டு, ஓர் இரவு புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். பக்கத்தில் தேதியும் எடுத்த இடமும் எழுதுங்கள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூக்கா கினி என்ற தாவரவியல் ஆசிரியர் செடிகளை இப்படித்தான் உலர்த்தித் தாளில் ஒட்டினார். அந்த வழக்கம்தான் உலகமெங்கும் உலர்தாவரத் தொகுப்பகங்களாக வளர்ந்தது.

மூன்று வயதுக் குழந்தைக்குப் பசை வேண்டாம். புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் ஒட்டிக் கொடுங்கள். இலையை வைத்தாலே பிடித்துக்கொள்ளும். மேலே இன்னொரு தாளை மூடி, ஓரம் வெட்டி, ஜன்னலில் தொங்கவிடலாம். ஈரம் மிச்சமிருக்கும் இலையை மட்டும் இப்படி மூடிவிடாதீர்கள், உள்ளேயே கறுத்துவிடும்.

பின்சேர்க்கை: ஒட்டிய இலைகளிலிருந்து சிறு பூச்சிகள் வருவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் உறையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த இலையில் நீர் படிந்து, உலர்த்திய வேலையெல்லாம் வீணாகிவிடும்.

இன்னொன்று: இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில், இரண்டு தாள்களுக்கு நடுவில் இலையை வைத்துப் பத்துப் பதினைந்து வினாடி அழுத்தி எடுத்து, ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். எங்கள் வீட்டில் செய்வதில்லை. கன்னத்தில் வைத்துப் பார்க்கும் வேலை அதில் இல்லையே.

ஜன்னலில் தொங்குபவை வெயிலில் சில மாதங்களில் வெளுக்கும். நாங்கள் அவற்றைக் கழற்றி, அந்த இடத்தில் அந்தப் பருவத்து இலையைத் தொங்கவிடுகிறோம். எதைக் கழற்றுவது என்று அவள்தான் முடிவு செய்கிறாள்.