வன்னிக்கு ஓர் இங்கிலாந்துப் பூல் மேசை: எங்கே தேடுவது, என்ன கேட்டு வாங்குவது

வெளிநாட்டிலிருந்து பூல் மேசை எடுப்பதென்றால் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாதீர்கள். அளவு கேளுங்கள். மாங்குளத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் விசாரிக்கும் தம்பிமாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நான் இங்கிலாந்தில் பல வருடம் பூல் மேசை பொருத்துகிற வேலை செய்தவன். பப்புகளுக்கு மேசை இறக்குவது, மேசையின் படுகைக் கல்லுக்கு மட்டம் பார்ப்பது, கிழிந்த துணியை உரித்துப் புதுத்துணி ஒட்டுவது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. இப்போது முள்ளியவளையில் இருக்கிறேன். எங்கள் வாசிகசாலைக்குப் பக்கத்து மண்டபத்தில் நிற்கும் ஏழடி மேசை லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அதில் முறை கிடைப்பது கஷ்டம்.

பூல் என்றதும் பலருக்கு நினைவு வருவது அமெரிக்க மேசை. கோடு போட்ட பந்து, நிறப் பந்து, அகலமான பொக்கெட். இங்கிலாந்து ஆட்டம் வேறு. 7 சிவப்பு, 7 மஞ்சள், 1 கறுப்பு, அடிக்க ஒரு வெள்ளை. பந்து சிறியது, பொக்கெட் இறுக்கம், வாய் வளைந்திருக்கும். கொஞ்சம் பிசகினாலும் பந்து வாயில் தட்டி வெளியே வந்துவிடும். கரம்போர்ட் ஆடி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு வெட்டு, திருப்பல், கோணம் எல்லாம் ஏற்கனவே கையில் இருக்கிறது. இந்த இறுக்கமான மேசையில் அவர்கள் எவ்வளவு வேகமாகத் தேறுகிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். 1973இல் உலக அமெச்சூர் பிலியர்ட்ஸ் சம்பியனாக வந்த எம்.ஜே.எம். லாஃபிர் இந்தத் தீவில் பிறந்தவர்தான். மேசை கிடைத்தால் ஆட்கள் வருவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சரி, அளவுக்கு வருவோம். விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். முதலாவது பந்து. இங்கிலாந்து மேசையின் சிவப்பும் மஞ்சளும் 2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 51 மில்லிமீற்றர். காசு போட்டு ஆடும் மேசைகளில் வெள்ளை 48 மில்லிமீற்றர் அளவில் இன்னும் சிறியதாக இருக்கும். உள்ளே விழுந்ததும் அந்த அளவை வைத்தே பிரிந்து தனி வழியால் வெளியே வரும். அமெரிக்கப் பந்து 57 மில்லிமீற்றர். இரண்டாவது பொக்கெட்டின் வாய். இங்கிலாந்து மேசையில் மூன்றேகாலிலிருந்து மூன்றரை அங்குலத்துக்குள் வரும், அமெரிக்க மேசையின் மூலைப் பொக்கெட் பெரும்பாலும் நாலரை அங்குலத்துக்குக் குறையாது. மூன்றாவது ஆடும் பரப்பு. ஏழடி மேசை என்பது வெளி அளவு. குஷனுக்கு, அதாவது பந்து மோதித் திரும்பும் றப்பர் ஓரத்துக்கு, உள்ளே 6 அடிக்கு 3 அடி வரவேண்டும்.

நாலாவதுதான் முக்கியம், அதை யாரும் கேட்பதில்லை: குஷன் மூக்கின் உயரம். குஷன் பந்தைத் தொடுகிற இடம் பந்தின் நடுவுக்குச் சற்று மேலே, அதன் உயரத்தில் ஏறத்தாழ 63 வீதத்தில் இருக்கவேண்டும். 51 மில்லிமீற்றர் பந்துக்கு அது கல்லிலிருந்து 32 மில்லிமீற்றர் அளவில் வரும். 57 மில்லிமீற்றர் பந்துக்கு 36. “அமெரிக்க மேசையை எடுத்துவிட்டுச் சின்னப் பந்து போட்டால் என்ன, அண்ணை?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்தக் குஷன் சின்னப் பந்தை மேலிருந்து அமத்தும், பந்து செத்துப்போய் நிற்கும். பொக்கெட்டும் வாளி மாதிரி விரிந்திருக்கும். ஒரு கிழமைக்குள் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும்.

சீனாவிலிருந்து எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அங்கே சீன எட்டுப்பந்து என்று ஓர் ஆட்டம் பெரிதாக நடக்கிறது. அதன் மேசையில் பொக்கெட்டின் வாய் ஸ்னூக்கர் மேசையைப் போல வளைந்திருக்கும், படத்தில் பார்த்தால் இங்கிலாந்து மேசை என்றே தோன்றும். ஆனால் அது ஒன்பதடி மேசை, பந்து 57 மில்லிமீற்றர். விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். நீங்கள் வளைந்த வாய் என்று கேட்கிறீர்கள், அவர் வளைந்த வாய் உள்ளதைக் காட்டுகிறார். அதனால் நான்கு அளவையும் எழுத்தில் வாங்கி, விலைப்பட்டியலிலும் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கல். மேசையின் படுகை ஸ்லேட் கல்லாக இருக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விலை குறைந்த மேசைகளில் மரத்தூள் அழுத்திய எம்டிஎஃப் பலகை போட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கத்துக் காற்றில் ஊறும் ஈரத்துக்கு அது ஊதி வளைந்துவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் மட்டம் எடுக்க முடியாது. கல் ஊதாது. ஏழடி மேசைக்கு 19 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே துண்டாக வந்தால் கல் மட்டுமே 100 கிலோவைத் தாண்டும், முழு மேசை 200 கிலோ அளவில் வரும். அந்தப் பாரம்தான் கப்பல் செலவை ஏற்றுகிறது. ஆனாலும் காசு அதற்குத்தான் போகவேண்டும், செதுக்கு வேலை செய்த காலுக்கு அல்ல.

எங்கே தேடுவது? முதலில் கொழும்பில் பாருங்கள். பழைய கழகங்களும் ஹோட்டல்களும் எப்போதாவது மேசை விற்கும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஸ்னூக்கர் மேசை அல்லது அமெரிக்க மேசை, இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை. இந்தியாவில் மேசை செய்பவர்கள் நிறைய, ஆனால் அவர்களும் எட்டடி, ஒன்பதடி அமெரிக்க மேசைதான் அதிகம் செய்கிறார்கள். இங்கிலாந்து அளவு வேண்டுமென்றால் தனியாகச் சொல்லிச் செய்விக்க வேண்டும்.

என் தெரிவு இங்கிலாந்தில் பாவித்த மேசை. பப் மூடும்போதும், வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து போனபிறகும் மேசையைத் தள்ளிவிடவே பார்ப்பார்கள். தூக்குவது கஷ்டம் என்பதால் விலை நன்றாக விழும். ஈபே, கம்ட்ரீ, முகநூல் சந்தை மூன்றிலும் தேடலாம். சுப்ரீம் போன்ற பப் மேசைகள் தினமும் நூறு பேர் அடித்தாலும் தாங்கும்படி செய்தவை. கல்லும் சட்டமும் நன்றாயிருந்தால் துணி கிழிந்திருப்பது ஒரு குறையே இல்லை, அதை நாங்கள் இங்கே மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊர்களில் லண்டனில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. ஒரு மருமகனோ மச்சானோ நேரில் போய்ப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

அவரை அனுப்பும்போது வெறுமனே “நல்லதா பார்” என்று சொல்லி விடாதீர்கள். ஒரு பந்து, அளவு நாடா, கைபேசி டோர்ச் மூன்றும் கொண்டு போகச் சொல்லி, வீடியோ அழைப்பில் நீங்களும் கூட இருங்கள். டோர்ச்சைக் கல்லோடு ஒட்டப் பிடித்து வெளிச்சத்தைச் சரிவாக அடிக்கச் சொல்லுங்கள், மேடு பள்ளம் துணிக்கு மேலாலும் தெரியும். பொக்கெட் விளிம்பை விரலால் தடவச் சொல்லுங்கள். கல் உடைந்தால் அங்கேதான் முதலில் உடையும், மெழுகோ பசையோ வைத்து நிரப்பியிருப்பார்கள். மேசைக்கு அடியிலும் படம் எடுக்கவேண்டும், நீர்க்கறையும் பலகை ஊதலும் அங்கேதான் அகப்படும். பிறகு பந்தை நீளப்பக்கமாகப் பலமாக அடிக்கச் சொல்லுங்கள். மூன்று தரமாவது போய் மோதவேண்டும். அதற்கு முன் நின்றுவிட்டால் றப்பர் இறுகிவிட்டது. றப்பர் மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைக்கக் கேளுங்கள்.

காசுப் பொறி உள்ள மேசை என்றால் பயப்பட வேண்டாம். இங்கிலாந்துப் பவுண் நாணயத்துக்குச் செய்த பொறி இங்கே பயன்படாது. பல மேசைகளில் அதைக் காசில்லாமல் ஆடும்படி மாற்றலாம். அதற்குத் திறப்பு வேண்டும். மேசையோடு திறப்பையும் கையில் வாங்கிய பிறகே மிச்சக் காசைக் கொடுங்கள். திறப்பில்லாத மேசையின் வயிற்றுக்குள் ஒரு பந்து சிக்கினால் சட்டத்தை உடைக்க வேண்டிவரும்.

அதே பெட்டியில் மாற்றுத் துணி இரண்டு, பந்துத் தொகுதி ஒன்று, கியூ (பந்தை அடிக்கும் கோல்) நுனி ஒரு பெட்டி, துணிப் பசை, தூரிகை எல்லாவற்றையும் போட்டுவிடச் சொல்லுங்கள். இங்கே 51 மில்லிமீற்றர் பந்து தேடி அலைவதைவிட அது எவ்வளவோ மேல். பந்தில் அரமித் எடுங்கள். பெல்ஜியத்தில் ஃபினோலிக் பிசினில் செய்வது, வருடக்கணக்கில் உருண்டை மாறாது. துணி யோர்க்‌ஷயரில் 1783இலிருந்து நெய்துவரும் ஹெயின்ஸ்வேர்த் கம்பளித் துணியாக இருந்தால் நல்லது.

கப்பலுக்குப் போகும்போது காலைக் கழற்றி, மேசையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி மரப்பெட்டியில் அடைக்கவேண்டும். கண்ணாடித் தகட்டைக் கொண்டு போவது போலத்தான், படுக்கவைத்தால் நடுவில் ஆதாரமில்லாமல் ஒரு குலுக்கலில் வெடிக்கும். பெட்டி மரத்தில் சூடேற்றிப் பதப்படுத்தியதற்கான எச்ரி (HT) முத்திரை இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் துறைமுகத்தில் தாவரத் தொற்றுத்தடுப்புக்காரர் பெட்டியை நிறுத்தலாம். பெட்டி ஒன்றரைக் கன மீற்றர் அளவில் வரும். முழுக் கொண்டெய்னர் தேவையில்லை, பங்குக் கொண்டெய்னரில் போடலாம்.

விலையைச் சிஐஎஃப் (CIF: பொருள் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த விலை) என்று தந்தால் காப்புறுதியும் சேர்ந்தது என்று நினைத்து நிம்மதியடைய வேண்டாம். அந்த முறையில் விற்பவர் எடுக்கவேண்டியது மிகக் குறைந்த காப்புறுதிதான். கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் வரும். இறக்கி ஏற்றும்போது கல் வெடித்தால் வராது. எனக்குத் தெரிந்த ஒரு கழகத்துக்கு மாங்குளத்தில் பெட்டியைத் திறந்தபோது கல் இரண்டாகக் கிடந்தது, ஒரு சதமும் கிடைக்கவில்லை. கூடுதல் காசு கட்டி உடைவுக்கும் சேர்த்த காப்புறுதி எடுங்கள். பாவித்த பொருளுக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சுங்கத்தில் பிலியர்ட்ஸ் சாமான்களின் வகை எண் 9504.20. இந்த எண்ணைக் கிளியறிங் ஏஜன்டிடம் கொடுத்து, மொத்த வரி எவ்வளவு வரும் என்று மேசை வாங்க முன்னரே கணக்கு எழுதி வாங்குங்கள். சுங்க வரிக்கு மேலே துறைமுக வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரி என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதுவும் மேசை விலைக்கு மட்டுமில்லாமல் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. பாவித்த பொருளைக் கொண்டுவர அனுமதி தேவையா என்று இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் கேளுங்கள். 2020க்குப் பிறகு சில வருடம் என்னென்ன பொருள் தடைப்பட்டது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். விதி மாறும், வாங்குகிற கிழமையில் கேட்ட பதிலைத்தான் நம்பலாம். கழகத்தின் பெயரில் எடுப்பதானால் வரி இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் முன்னரே ஒழுங்குபடுத்துங்கள். கடதாசி பிந்தினால் களஞ்சிய வாடகை நாள்தோறும் ஏறும்.

கொழும்பிலிருந்து லொறி பிடிக்கும்போது மாரி தொடங்க முன்னர் எடுத்துவிடுங்கள். பெட்டியை நிமிர்ந்தபடியே கட்டவேண்டும், அதன்மேல் வேறு சாமான் ஏற்றக்கூடாது. ஏ9 வீதியால் வருவதில் பிரச்சினை இல்லை, கடைசியில் வரும் கிரவல் ஒழுங்கையில்தான் சாரதியை மெதுவாக விடச் சொல்லவேண்டும். இறக்குவதற்கு ஆறு பேராவது வேண்டும்.

அறை 16½ அடி நீளம், 13½ அடி அகலம் இருந்தால் 57 அங்குலக் கியூவை எந்தப் பக்கமும் தாராளமாக வீசலாம். இடம் குறைவென்றால் 48 அங்குலக் கியூ இரண்டு எடுத்து வையுங்கள். நிலம் சீமெந்தாக இருக்கவேண்டும். தகரக் கூரை என்றால் கீழே சீலிங் அடியுங்கள், அந்த வெக்கை றப்பரைக் கொன்றுவிடும். ஆட்டம் முடிந்ததும் படங்குத் துணியால் மூடுவதைக் கட்டாயமாக்குங்கள், பல்லி எச்சம் பட்ட கம்பளித் துணியில் கறை போகாது. கறையானுக்கு மேசைக்காலைச் சுற்றிக் கிழமைக்கு ஒருதரம் பார்க்க ஒருவரைப் பொறுப்பு வையுங்கள்.

மட்டம் பார்க்க மேசன்மாரின் ரசமட்டம் போதும். நீளத்துக்கும், அகலத்துக்கும், மூலைக்கு மூலையும் வைத்துக் காலின் அடித்திருகைத் திருப்புங்கள். கடைசிச் சோதனைக்குப் பந்தை மிக மெதுவாக உருட்டி விடுங்கள், நிற்கப்போகும் கடைசிச் சாணில் அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. துணியை வெள்ளைப் பந்து தொடங்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக மட்டும் தூரிகையால் தடவவேண்டும், மென்மயிர் அந்தத் திசையில்தான் படியும். காலுக்குக் கீழே நிலம் அமர்வதற்கு ஒரு மாதமாவது போகும். அதன் பிறகு மட்டத்தை இன்னொருதரம் பாருங்கள், போட்டி வைப்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.