ஊட்டி மூடுபனியில் கிராஃபீன் நானோநாடா: தங்கத்தின் மேல் செய்முறை

கிராஃபீன் என்பது ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள்; நானோநாடா என்பது அதன் சில அணு அகலமுள்ள கீற்று. தாளைக் கத்தரித்து நாடா செய்தால் ஓரம் பிசிறடிக்கும். மூலக்கூறுகளைச் சரமாகக் கோத்தால் ஓரம் அணுவுக்கு அணு நேராக நிற்கும். 2010-இல் வெளியான இந்த முறையில் பழகுவதே நல்லது. வேண்டியவை: அதிவெற்றிடச் சேம்பர், தங்க (111) படிகம் (111 என்பது படிகம் வெட்டப்பட்ட முகத்தின் பெயர்), டிபிபிஏ தூள் (புரோமின் ஒட்டிய கார்பன் மூலக்கூறு, நாடாவின் மூலப்பொருள்), எஸ்டிஎம் (கூர்முனையால் அணுக்களைப் படமெடுக்கும் நுண்ணோக்கி). வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

முதலில் வெற்றிடம், 10⁻¹⁰ மில்லிபாரை எட்ட வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தமே சுமார் 780 மில்லிபார்தானே, பம்புக்கு வேலை குறைவு என்று தோன்றும். சில நொடிதான் மிச்சம். பம்பைப் படுத்துவது காற்றல்ல, சுவரில் ஒட்டும் ஈரம். ஆடி மாத மூடுபனியில் ஜன்னல் கண்ணாடி வியர்க்கிறதல்லவா, அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் எஃகுச் சுவரிலும் படியும். சேம்பரை உலர் நைட்ரஜனை விட்டுத் திறவுங்கள். அது பாயும்போதே வேலையை முடித்து மூடுங்கள். பிறகு 130 டிகிரியில் இரண்டு நாள் பேக்-அவுட், அதாவது சேம்பரையே சூடாக்கி ஈரத்தை விரட்டுவது. மரம் சாய்ந்து கரன்ட் போவது இங்கே சகஜம். டர்போ பம்புக்கு (வேகமாகச் சுழலும் வெற்றிடப் பம்பு) யூபிஎஸ் கட்டாயம்.

தங்கத்தை 1 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆர்கான் அயனிகளால் 10 நிமிடம் அடித்து, 450 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். மூன்று சுற்று. எஸ்டிஎம்மில் சுத்தமான தங்கத்துக்கே உரிய மீன்முள் வரி தெரியாவிட்டால் மறுபடியும்.

இனி தங்கத்தை 200 டிகிரியில் நிறுத்தி, டிபிபிஏவைச் சூடாக்கி ஆவியாகப் படியவிடுங்கள். புரோமின் கழன்று மூலக்கூறுகள் கைகோக்கும். இந்தச் சரத்தின் உயரம் சுமார் 0.4 நானோமீட்டர். அடுத்து மெதுவாக 400-க்கு ஏற்றி 10 நிமிடம். ஹைட்ரஜன் வெளியேறி, சரம் 0.18-க்குத் தட்டையாகும். அவசரப்பட்டு நேரே 400-க்குப் போனால் குட்டை நாடாதான் மிஞ்சும்: வெளியேறும் ஹைட்ரஜன், இன்னும் கோக்காத முனைகளில் ஒட்டி அடைத்துவிடும். 500-ஐ நெருங்கினால் பக்கத்து நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தங்கத்துக்குப் பதில் தாமிரம் (111) போட்டால் இதே தூளிலிருந்து வேறு ஓரமுள்ள நாடா வரும்.

நாடாவின் ஆற்றல் இடைவெளியை (எலெக்ட்ரான்களுக்கு இடமில்லாத ஆற்றல் பகுதி) எஸ்டிஎம்மால் அளக்க 5 கெல்வின், அதாவது சுமார் −268 டிகிரி குளிர் வேண்டும். எஸ்டிஎம் முனையை முதலில் வெறும் தங்கத்தில் சோதியுங்கள், மின்கடத்தல் வளைவில் −0.5 வோல்ட் அருகே படிக்கட்டு தெரியாவிட்டால் முனை கெட்டது, அந்த அளவீட்டை நம்பாதீர்கள். லாக்-இன் கருவி மின்னழுத்தத்தில் சேர்க்கும் சிற்றலைவு 10–20 மில்லிவோல்ட். இப்படிக் கிடைக்கும் 7 அணு அகல நாடாவில் ஆற்றல் இடைவெளி 2.4 எலெக்ட்ரான்வோல்ட் அளவில் வரும். தங்கத்தின் மின்மறைப்பு (அடியிலுள்ள உலோகம் மின்விசையைத் தணிப்பது) இல்லாவிட்டால் இது இன்னும் பெரிது. நாடாவின் நடுப்பகுதியில் அளவிடுங்கள். கடைசி நுனியில் 0 வோல்ட் அருகே ஒரு மேடு எழும்பும். அதைப் பார்த்து இடைவெளியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.