பரதநாட்டிய வகுப்பு நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு தரையிலேயே இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகள் வீட்டு மாடியிலோ வாடகைக் கூடத்திலோ நடக்கின்றன. அடியில் கான்கிரீட், மேலே டைல்ஸ். அடவு என்னும் அடிப்படை அசைவுகளின் பயிற்சியில் காலால் நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைத்தாலும் கால் மணி நேரத்தில் 1,200 தட்டு ஆகிவிடும். டைல்ஸ் தரை அந்த அதிர்வை வாங்காது. அது கணுக்கால், முன்கால் எலும்பு, முழங்கால் என்று மேலே ஏறும். தடித்த யோகா பாய் விரிப்பதும் சரிவராது. பாதம் புதையும், உடம்பு திரும்பும்போது பாதம் பிடித்துக்கொண்டு நிற்க, முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். ரப்பர் துண்டுகள் மேல் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட் போட்டால் போதுமான துள்ளல் கிடைக்கும். அதற்கு வசதியில்லாவிட்டால் தட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வகுப்பில் பாதி நேரத்தை உட்கார்ந்து தாளம் போடவும், சொற்கட்டு (அடவுக்கான தாளச் சொற்கள்) சொல்லவும், ஹஸ்தங்கள் என்னும் கை முத்திரைகளுக்கும் கொடுக்கலாம்.

அடுத்தது அரைமண்டி, அதாவது முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை. இதில் ஏற்படும் பிழை பிள்ளையோடு வருடக்கணக்கில் வளரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டில். முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், பக்கவாட்டில் திரும்ப அதற்கு இடம் மிகக் குறைவு. “பாதத்தை நல்லா விரி” என்று அதட்டினால் குழந்தை பாதத்தை மட்டும் விரித்து வைக்கும், முழங்கால் முன்னாலேயே நிற்கும். உள்ளங்கால் வளைவு சரிந்து உட்பக்கம் சாயும். பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், இடுப்பு வளையும். தூரத்திலிருந்து பார்த்தால் அரைமண்டி அழகாகத்தான் தெரியும்!

பிள்ளைக்கு நேர் எதிரே குனிந்து பாருங்கள். முழங்கால், கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்கு மேலே நேராக நிற்க வேண்டும். அப்படி இல்லையென்றால் பாதத்தின் விரிவைக் குறையுங்கள். முழங்காலை வலிந்து பின்னே தள்ளச் சொல்லாதீர்கள். பாதம் 180 பாகை விரிய வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது வீண். இருபது வினாடி உட்கார்ந்து, எழுந்து, காலை உதறி, மறுபடி உட்கார வேண்டும். இப்படி ஐந்து முறை செய்தால் தொடைக்குப் பலம் வரும். தண்டனையாக ஐந்து நிமிடம் அரைமண்டியில் நிறுத்திவைத்தால், களைத்த உடம்பு குறுக்குவழியைத்தான் கற்றுக்கொள்ளும்.

சுமார் 10 முதல் 14 வயதுக்குள் பிள்ளைகள் விறுவிறுவென்று உயரம் கூடுவார்கள். எலும்பு முந்திக்கொள்ளும், தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு முட்டாகத் துருத்தும் இடத்தில் வலி, அல்லது குதிகாலில் வலி என்று பிள்ளை சொன்னால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். வளரும் எலும்பை இறுகிய தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. முழுமண்டி (முழுதாக உட்காரும் நிலை), குதித்துமெட்டு (குதித்து ஆடும் அடவு) இரண்டையும் சில வாரம் நிறுத்துங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

காலப் பிரமாணத்தில், அதாவது ஆடும் வேகத்தில், நடக்கும் பிழை வெறும் கணக்குப் பிழை. முதல் காலத்தில் (வேகத்தில்) தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்துக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஆசிரியர் தாளம் தட்டும் கோலான தட்டுக்கழியை நிமிடத்துக்கு 60 என்று ஆரம்பித்துவிட்டால் மூன்றாம் காலத்தில் 240 தட்டு வரும். சிறு பிள்ளையால் முடியாது. உடனே ஆசிரியர் தாளத்தையே மெதுவாக்கிவிடுவார். அத்தோடு இரட்டிப்பு என்ற கணக்கு பிள்ளையின் மனதிலிருந்து போய்விடும். 40-இல் ஆரம்பியுங்கள், மூன்றாம் காலம் 160-இல் நிற்கும். காலால் ஆடுமுன் கையில் தாளம் போட்டு, “தெய்யா தெய்” என்று வாயால் மூன்று காலமும் சொல்ல வர வேண்டும். வாயில் வராதது காலில் வராது.

சலங்கையை அவசரப்பட்டுக் கட்டிவிடுவதால் ஒரு நஷ்டம் உண்டு: பாதத்தின் சத்தம் காதில் விழாது. வெறுங்காலில் தட்டடவு போடும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். பாதம் முழுசாகப் பதிந்தால் “தட்” என்று ஒரே சத்தம் வரும். முன்பாதம் முந்தி, குதிகால் பிந்தி விழுந்தால் “தட-ட்” என்று இரண்டாகக் கேட்கும். இருபது பேர் வரிசையில் யார் தப்பு என்று கண்ணைவிடக் காது சீக்கிரம் சொல்லிவிடும். சலங்கை கட்டிய பிறகு எல்லாமே ஜல்ஜல்தான்.

எதிரே நின்று சொல்லிக்கொடுக்கும்போது, ஒரு நாள் கண்ணாடி போல இடதைக் காட்டி, மறுநாள் தன் வலதைக் காட்டினால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ஏதாவது ஒரு முறையிலேயே நில்லுங்கள்.

தட்டுக்கழி பலகையில் தட்டத்தான், பிள்ளையின் காலில் தட்ட அல்ல. கையைத் திருத்தத் தொடுவதாக இருந்தால் “தோளைத் தொடறேன்மா” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தனி வகுப்பு என்றால் கதவு திறந்தே இருக்கட்டும். உடை மாற்றும் அறைக்குள் யார் கையிலும் கைப்பேசி கூடாது. பிள்ளையிடம் யாரோ தவறாக நடந்தது தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைப் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்குப் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது குற்றம்.

வயதையோ சேர்ந்த வருடத்தையோ பார்த்துப் பிரிவு பிரிக்காதீர்கள். எந்த அடவு வரை சுத்தமாக வருகிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஆறடிக்கு ஆறடி வேண்டும். 300 சதுர அடிக் கூடத்தில் எட்டுப் பேருக்கு மேல் நிறுத்தினால் கை நீட்ட இடமிருக்காது, காலை நீட்டி ஆடும் நாட்டடவு குறுகிப்போகும். கட்டணம், உடை, ஒப்பனை, ஆண்டு விழாச் செலவு எல்லாவற்றையும் சேரும் நாளிலேயே ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாதியில் வரும் செலவுதான் பெற்றோரை மனம் கசக்க வைக்கும்.

முகபாவத்தால் பொருள் காட்டும் அபிநயத்தில், ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பிரிவில் வாடும் விரக நாயகியின் பதம் (காதல் பாட்டு) எதற்கு? கண்ணை உருட்டுவது மட்டும்தான் மிஞ்சும். வெண்ணெய் திருடும் கண்ணனும், மயிலும், மழையும் போதும்.

அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்துவிட்டுப் பிறகு பிள்ளையைத் தயார்செய்வதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும்; அதற்கு முன் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் என்ற உருப்படிகள் எல்லாம் ஆடி முடித்த கால்தான் அதையும் தாங்க வேண்டும். நான்கையும் வரிசையாக, இடையில் நீண்ட ஓய்வு கொடுக்காமல் ஆடச்சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வர்ணத்தின் கடைசித் தீர்மானத்தில் (ஜதியின் முடிப்பில்) பிள்ளையின் தலை அலாரிப்பில் இருந்த உயரத்திலேயே இருக்கிறதா, அரைமண்டி தளர்ந்து மேலே ஏறிவிட்டதா? ஏறியிருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டு, மறுபடி இதே மாதிரி ஆடவிட்டுப் பாருங்கள். மண்டபத்துக்கு முன்பணம் அதற்கப்புறம் கட்டலாம்.