ஸ்கூல் கணக்குக்கு பாடம் எழுதற வேலைக்கு வரணுமா? எங்க ஆரம்பிக்கணும்னு சொல்றேன்

"எனக்கு கணக்கு நல்லா வரும், கரிக்குலம் எழுதற வேலைக்கு வரலாமா"ன்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க. வரலாம். ஆனா கணக்கு நல்லா வர்றது இந்த வேலைல கொஞ்சம் இடைஞ்சல் கூட, ஏன்னா சின்ன வயசுல சொல்லாமலே புரிஞ்சிட்டவங்களுக்கு மத்தவங்க எங்க முட்டி நிக்கறாங்கன்னு தெரியவே தெரியாது, நான் முதல் வருஷம் எழுதுன பாடம்லாம் இப்ப எடுத்து பாத்தா எனக்கு நானே எழுதிக்கிட்ட மாதிரி இருக்கு.

முதல்ல வார்த்தைய பிரிச்சுக்கோங்க, இன்டர்வியூல இங்கயே நிறைய பேர் சறுக்கறாங்க. கலைத்திட்டம்னா, அதாவது கரிக்குலம்னா, புள்ளைங்க எதுக்கு கணக்கு படிக்கணும், எந்த வயசுல என்ன செய்ய தெரியணும், அத எப்படி சொல்லித்தரணும், எப்படி சோதிக்கணும்னு முழுசா பேசறது. பாடத்திட்டம்னா எந்த வகுப்புல எந்த தலைப்புங்கற லிஸ்ட். பாடநூல் கைல குடுக்கற புக். நம்ம ஊர்ல புக்கையே கலைத்திட்டம்னு நெனச்சு பழகிட்டோம். 2005 தேசிய கலைத்திட்ட வடிவமைப்போட சேத்து கணக்கு கற்பித்தலுக்குன்னு தனியா ஒரு அறிக்கை வந்துச்சு, இலவசமா கிடைக்குது, ஒரு தடவ உக்காந்து படிங்க. கூட்டல் கழித்தல் போட தெரியறது ஒரு சின்ன குறிக்கோள்தான், புள்ளையோட யோசனையையே கணக்கு வழிக்கு கொண்டு வர்றதுதான் பெரிய குறிக்கோள்னு அதுல தெளிவா இருக்கும். அதுக்கப்புறம் 2023 வடிவமைப்பையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

வேலை எங்க கிடைக்கும்? தமிழ்நாட்டுல அரசு புக்குன்னா எஸ்.சி.இ.ஆர்.டி, அதாவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். அங்க எழுதறவங்கள்ல பெரும்பாலானவங்க வேலைல இருக்கற ஆசிரியருங்கதான், காலேஜ் ப்ரொஃபசருங்க மேற்பார்வை பாப்பாங்க, ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டு சில மாசம் உக்கார வெச்சு எழுத வெப்பாங்க. 2018ல 1, 6, 9, 11 வகுப்புக்கும் 2019ல மத்த வகுப்புக்கும் புது புக் வந்தது ஞாபகம் இருக்கும், அந்த வேகத்துக்கு எத்தனை பேர் ராத்திரி தூங்காம இருந்திருப்பாங்கன்னு இந்த வேலைக்கு வந்தா புரியும். அதுக்கு வெளில பார்த்தா தனியார் பதிப்பகம், ஆன்லைன்ல பாடம் விக்கற எட்டெக் கம்பெனி, கல்வில வேலை செய்யற தொண்டு நிறுவனம். இவங்க பி.எட் கேக்கலாம், கேக்காமலும் போலாம், ஆனா ரெண்டு வருஷமாவது கிளாஸ்ல நின்னவங்கன்னா மரியாதையே வேற. ஃப்ரீலான்ஸ்னா ஒரு கேள்விக்கு இவ்ளோ, ஒரு பக்கத்துக்கு இவ்ளோன்னு பேசுவாங்க, எத்தனை தடவ திருத்தி தரணும்ங்கறதையும் முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. நான் வாங்கல, ஒரே யூனிட்ட ஒம்போது தடவ மாத்தி எழுதுனேன் அதே காசுக்கு.

ரெஸ்யூமே நீளமா அனுப்பாதீங்க. ஒரே ஒரு பாடம் எடுங்க, உதாரணத்துக்கு அஞ்சாங்கிளாஸ் பின்னம், ஒரு பீரியடுக்கு எழுதுங்க, ஆசிரியருக்கு ஒரு பக்க குறிப்பு, பத்து கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் கீழ "இத ஏன் வெச்சேன்"னு ஒரு வரி. அந்த ஒரு வரிய பாத்துதான் நான் ஆள் எடுப்பேன்.

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு நோட்டு போடுங்க, அதுல புள்ளைங்க போடற தப்ப மட்டும் எழுதி சேருங்க, தேதி, வகுப்பு, கேள்வி, புள்ள எழுதுன விடை, அவ்ளோதான். 52 − 27 குடுத்தா 35னு எழுதற புள்ள கவனமில்லாம எழுதல, அதுக்கு ஒரு விதி இருக்கு, எப்பவும் பெருசுலேர்ந்து சின்னத கழிக்கணும்னு. 7லேர்ந்து 2 போனா 5, 5லேர்ந்து 2 போனா 3, முடிஞ்சுது. 0.45 பெருசா 0.5 பெருசான்னா 0.45ங்கும், ஏன்னா 45 பெருசு 5 சின்னது. 1/3, 1/4ல எது பெருசுன்னா 1/4ங்கும், அதே காரணம். இந்த நோட்டு ஒரு வருஷம் சேந்துச்சுன்னா நீங்க கேள்வி எழுதற விதமே மாறிடும். கொள்குறி வினால (நாலு விடைல ஒண்ண தேர்ந்தெடுக்கறது) தப்பான விடைய கண்ண மூடிக்கிட்டு போட மாட்டீங்க, 52 − 27க்கு 25, 35, 79, 39னு வெச்சா ஒவ்வொண்ணும் ஒரு கதை சொல்லணும். 35 மேல சொன்ன விதி, 79 கழித்தல் குறிய பாக்காம கூட்டுனது. 39 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாது, அதனால அத தூக்கிட்டு நோட்டுல நெஜமா வந்த ஒண்ண வெக்கணும்.

அடுத்தது எண் தேர்வு. இத யாரும் சொல்லித்தரதில்ல, ஆனா வேலைல பாதி இதான். வர்க்கம் சொல்லித்தரும்போது முதல் உதாரணமா 2 போடாதீங்க, 2ஐ 2ஆல பெருக்குனாலும் 4, 2ஓட 2 கூட்டுனாலும் 4, புள்ள வர்க்கம்னா ரெண்டு மடங்குன்னு எடுத்துக்கிட்டு சரியான விடையும் எழுதிடும், நீங்களும் டிக் போட்டுடுவீங்க, அப்புறம் 3க்கு 6னு எழுதறப்பதான் தெரியும். அதே மாதிரி பக்கம் 4 இருக்கற சதுரம், 6க்கு 3 செவ்வகம். முதல்ல சொன்னதுக்கு சுற்றளவும் 16 பரப்பளவும் 16, ரெண்டாவதுக்கு ரெண்டுமே 18. இத தேர்வுல வெச்சா புள்ளைக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா பாருங்க, "சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணா வர்ற செவ்வகம் வேற இருக்கா தேடு"ன்னு கேட்டா அதே எண்ணு சூப்பர் கேள்வி ஆயிடும் (அலகு வேற வேறங்கறதயும் அங்கயே பேசிடலாம்). கழித்தல்ல 302 − 147 மாதிரி நடுவுல பூஜ்யம் வர்றது தனி படி, அத ரெண்டாவது கணக்காவே வெச்சு புள்ளைய மிரட்டாதீங்க, 352 − 147, 320 − 147, அப்புறம் 302னு எறங்குங்க.

உதாரணம் எடுக்கறதுலயும் கண்ணி இருக்கு. தசமத்துக்கு கிரிக்கெட் ஓவர எடுத்தா பசங்களுக்கு புடிக்கும்னு நெனச்சு ஒரு தடவ எழுதுனேன், 12.4 ஓவர். எடிட்டர் அக்கா கூப்ட்டு கேட்டாங்க, "12.4ஓட இன்னும் 3 பால் போட்டா என்னப்பா?" 13.1. அது தசமமே இல்ல, புள்ளிக்கு அப்புறம் ஆறுல கணக்கு. கிளாஸ்ல பாதி பேருக்கு அது நல்லா தெரியும் வேற, நான் எழுதுனத படிச்சிருந்தா அவங்களுக்கு தெரிஞ்சதயும் கொழப்பி விட்டிருப்பேன். ரூபாய் பைசாவும் உதவாது, இப்ப புள்ளைங்க பைசாவ கண்ணால பாத்ததே இல்ல. நீளம், மீட்டர் சென்டிமீட்டர், தையல் டேப் இதெல்லாம் நல்லா வேலை செய்யுது.

தமிழ் வழிக்கு எழுதறவங்க இத கண்டிப்பா கவனிங்க, இங்கிலீஷ்ல எழுதி தமிழுக்கு மாத்தறவங்க யாரும் இத பாக்கறதில்ல. நாம "நாலுல மூணு பங்கு"ன்னு சொல்றோம், காதுல முதல்ல விழறது 4, ஆனா மேல எழுத வேண்டியது 3. புதுசா கத்துக்கற புள்ள கேட்ட வரிசைல எழுதி 4/3னு போடும். அது பின்னம் புரியாத தப்பு இல்ல, நம்ம மொழி வரிசைக்கும் குறியீட்டு வரிசைக்கும் உள்ள முரண். நான் இப்ப என்ன பண்றேன்னா முதல்ல கோடு போட சொல்லி, கீழ பகுதி எழுதி "நாலுல", அப்புறம் மேல தொகுதி "மூணு", சொல்ற வரிசைலயே கைய நகத்த வெக்கறேன். இன்னொரு பக்கம் தமிழ் நமக்கு உதவியும் பண்ணுது. பதினொண்ணு, பன்னெண்டுல பத்து ஒளிஞ்சிருக்கு, இருபத்தி மூணுன்னா ரெண்டு பத்து மூணுன்னு பேர்லயே இடமதிப்பு இருக்கு, இங்கிலீஷ்ல லெவன் ட்வெல்வ்ல அது கிடையாது. ஒம்போதுல மட்டும் உதைக்கும், தொண்ணூறு, தொள்ளாயிரம், அப்புறம் திடீர்னு ஒன்பதாயிரம். அந்த இடத்துல கூடுதலா ரெண்டு பயிற்சி வைங்க. அரை, கால், அரைக்கால், மாகாணின்னு பழைய பேரெல்லாம் இருக்கே, ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறதுல பாதி, 1/2, 1/4, 1/8, 1/16, ஒரு பேப்பர நாலு தடவ மடிச்சா நாலு பேரும் வந்துரும், பாட்டிகிட்ட போய் கேட்டுட்டு வான்னு வீட்டுக்கு அனுப்பலாம். கலைச்சொல்லும் ஊருக்கு ஊர் மாறும், எல்.சி.எம்முக்கு நம்ம புக்குல மீ.சி.மங்கறது இலங்கை புக்குல பொ.ம.சி, ரெண்டு பக்கமும் போற மாதிரி எழுதறீங்கன்னா முன்னாடியே ஒரு சொல் பட்டியல் போட்டுக்கோங்க.

சொற்கணக்குல "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, அதிகம்னா கூட்டு"ன்னு சொல்லித்தர்ற பழக்கத்த உடைக்கணும். "கவிதாகிட்ட 12 பாசிமணி இருக்கு, அது மீனாகிட்ட இருக்கறத விட 5 அதிகம், மீனாகிட்ட எத்தனை?" முக்கால்வாசி பேர் 17ங்கறாங்க. இந்த மாதிரி ஒண்ணு பத்து கணக்குக்கு நடுவுல இருந்தாதான் புள்ள படிச்சுட்டு போடும், இல்லன்னா எண்ண மட்டும் பொறுக்கும்.

ஒரு வகுப்புக்கு மட்டும் எழுதறேன்னு மத்த வகுப்ப பாக்காம இருக்க கூடாது. 8 + 4 = □ + 5ங்கறத ஆறாங்கிளாஸ்ல போட்டு பாருங்க, 12னு எழுதும், இல்ல 17னு எழுதும். ஏன்னா ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து சமக்குறிக்கு அப்புறம் "விடை எழுது"ன்னுதான் பழக்கியிருக்கோம், ரெண்டு பக்கமும் சமம்னு பழக்கல. அந்த புள்ளைக்கு எட்டாங்கிளாஸ்ல சமன்பாடு வந்தா எங்கேர்ந்து புரியும்? அதனால ஒண்ணாங்கிளாஸ் புக்குலயே 7 = 3 + 4னு திருப்பி எழுதறது, 3 + 4 = 5 + 2னு எழுதறது இதெல்லாம் நுழைச்சிடணும். ஒரு சார்ட் பேப்பர்ல ஒவ்வொரு தலைப்பும் எந்த வகுப்புல தொடங்கி எங்க போய் முடியுதுன்னு அம்புக்குறி போட்டு செவுத்துல ஒட்டுங்க, பின்னத்துலேர்ந்து விகிதம், சதவீதம், சாய்வுன்னு போகும்.

நேரம். பீரியட் 40 நிமிஷம்னு நம்பி எழுதாதீங்க, போன பீரியட் வாத்தியார் வெளிய வரணும், நோட்டு எடுக்கணும், கையில நிக்கறது அரை மணி நேரம் கூட இல்ல. ஒரு பீரியடுக்கு ஒரு செயல்பாடு, ஒரு பேச்சு, நாலு கணக்கு போதும். பொருளும் காசில்லாம கிடைக்கணும், தீக்குச்சிய பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டா இடமதிப்பு, புளியங்கொட்டை, பழைய நியூஸ்பேப்பர். இன்னொண்ணு, ஒரே கிளாஸ்ல மூணு மட்டம் இருக்கும்னு வெச்சே எழுதுங்க. கொரோனாவுக்கப்புறம் 2022ல தமிழ்நாடு அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்த கொண்டு வந்தப்ப புள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சதுக்கு காரணமே இதான்.

எழுதி முடிச்சதும் நேரா ஒரு கிளாஸ்க்கு போய் கடைசி பெஞ்சுல உக்காருங்க. பாடத்த நீங்க எடுக்காதீங்க, அந்த ஸ்கூல் டீச்சர் எடுக்கட்டும், நீங்க எடுத்தா எழுதாம விட்டதெல்லாம் வாயால ரொப்பிடுவீங்க. புள்ளைக்கு உதவியும் பண்ணாதீங்க, கை பரபரன்னு வரும், அடக்கிக்கோங்க. அழிச்ச எடத்த பாருங்க, ரப்பர் தேய்ச்சு பேப்பர் மெலிஞ்சிருக்கற எடம்தான் உங்க பாடத்துல ஓட்டை. ஒரு தடவ நாலாங்கிளாஸ் பையன் ஒருத்தன் நான் போட்ட சதுரத்த டைமண்ட்னு எழுதியிருந்தான், ஏன்னு கேட்டா புக்க திருப்பி காட்டி "இப்ப சதுரம் சார்"ங்கறான். நான் கோணலா ஒண்ணே ஒண்ணுதான் வரைஞ்சிருந்தேன், அதுக்கு முன்னாடி இருந்த இருபது படமும் தரையில உக்காந்த மாதிரி நேரா. அடுத்த பதிப்புல பாதிய சாய்ச்சு விட்டோம்.

பத்தாவதுக்கு எழுதறவங்களுக்கு மேல சொன்னதுல பாதி செல்லாது, அங்க பொதுத்தேர்வுல 14 ஒரு மார்க் கேள்வி, 10 ரெண்டு மார்க், 10 அஞ்சு மார்க், 2 எட்டு மார்க், மொத்தம் நூறுன்னு கட்டம் போட்டு வெச்சிருக்கு, எழுதற ஒவ்வொண்ணும் எந்த கட்டத்துல உக்காரும்னு டீச்சர் கேப்பாங்க. சண்ட போட்டு பிரயோஜனமில்ல, அந்த கட்டத்துக்குள்ளயே யோசிக்க வெக்கற கேள்விய நுழைங்க.

கடைசியா சரிபார்ப்பு. படத்துக்கு ஜியோஜெப்ரா (கணக்கு படம் வரையற சாஃப்ட்வேர்), விடைய மொத்தமா சோதிக்க எக்ஸெல், தமிழ் யூனிகோட்லயே அடிங்க, பழைய ஃபான்ட்ல அடிச்சா லேஅவுட் பண்றவர் கைல போறப்ப கழித்தல் குறி, வர்க்க எண்ணெல்லாம் காணாம போகும். ஒவ்வொரு கணக்கையும் எழுதுனவர் இல்லாம வேற ஒருத்தர் பேனாவால போட்டு பாக்கணும். நான் ஒரு கம்பெனிக்கு ஹெரான் சூத்திரத்துக்கு (மூணு பக்கத்த வெச்சு முக்கோணத்தோட பரப்பளவு கண்டுபிடிக்கறது) பயிற்சி எழுதுறப்ப அவசரத்துல பக்கம் 5, 6, 12னு ஒரு முக்கோணம் குடுத்துட்டேன், அரைச்சுற்றளவு 11.5, அதுலேர்ந்து 12 போனா மைனஸ், வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் வந்து நிக்குது. 5ம் 6ம் சேந்தாலே 11தான், 12க்கு எட்டவே எட்டாது, அப்படி ஒரு முக்கோணமே கிடையாது. பிரிண்ட் ஆகி ஸ்கூலுக்கெல்லாம் போயாச்சு. ஒன்பதாவது படிக்கற ஒரு பொண்ணு மூணு குச்சிய வெட்டி பேப்பர்ல ஒட்டி, ரெண்டு குச்சிக்கு நடுவுல இருந்த இடைவெளிய ரவுண்ட் பண்ணி அனுப்பியிருந்துச்சு. இப்ப அந்த கணக்கு புக்குல இருக்கு, "இந்த முக்கோணத்த வரைய முடியுமா? முடியாதுன்னா ஏன்?"னு.