வேப்பும் சிகரெட்டும்: நிகோடின் விஷயத்தில் பலரும் செய்கிற தவறுகள்

என் நண்பர் ஒருவர் சிகரெட்டை விட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் ஒரு பயணத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கினோம். ராத்திரி மூன்று மணி இருக்கும், அவர் கை தலையணைக்கு அடியில் போனது, போர்வைக்குள் சின்னதாக ஒரு நீல வெளிச்சம் எரிந்து அணைந்தது, லேசாக ஒரு பழ வாசனை வந்தது, அவ்வளவுதான், திரும்பத் தூங்கிவிட்டார். சிகரெட்டுக்குப் பதிலாக அவர் பிடித்துக்கொண்டிருந்தது வேப், அதாவது பேட்டரியில் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் இ-சிகரெட். காலையில் கேட்டால் அவருக்கே நினைவில்லை. சிகரெட் பிடித்த அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நடு ராத்திரி எழுந்து தம் போட்டவர் இல்லை அவர்.

உடம்புக்கு வரும் கெடுதலையும் அடிமையாவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகையிலை எரிவதால் வரும் தார், கார்பன் மோனாக்சைடு போன்றவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகித்தான் ஆவியாகிறது, அதனால் அந்த நஞ்சுகள் பல மிகக் குறைவு. இது உண்மைதான் (குறைவு என்றால் அறவே இல்லை என்று அர்த்தமில்லை). ஆனால் நம்மைப் பிடித்து வைத்திருப்பது நிகோடின், அது இரண்டிலும் ஒன்றேதான். நுரையீரல் வழியாகப் போனால் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அது சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும், குறையக் குறையப் பழகிப்போன மூளை மறுபடி கேட்கும். தலையணைக்கு அடியில் கை போவது அதனால்தான்.

"நான் கொஞ்சம்தான் இழுக்கிறேன்" என்று சொல்வது அடுத்த தவறு. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பஞ்சு வரை எரிந்தால் தீர்ந்தது, அடுத்ததைப் பற்றவைக்க எழுந்து வெளியே போக வேண்டும், வாடையை வேறு மறைக்க வேண்டும். வேப்புக்கு அந்த முடிவே கிடையாது. போன் பார்க்கும்போது ஒன்று, படியிறங்கும்போது இரண்டு, வேலைக்கு நடுவில் மூன்று என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கு யாரிடமும் இருக்காது.

பெட்டியில் போட்டிருக்கும் சதவீதத்தையும் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. 5% என்றால் ஏதோ சின்ன எண் மாதிரி தெரிகிறது. அது 1 மில்லி திரவத்தில் சுமார் 50 மில்லிகிராம் நிகோடின். 10 மில்லி பிடிக்கிற டிஸ்போசபிள் (தீர்ந்ததும் தூக்கிப் போடும் வேப்) ஒன்றில் 500 மில்லிகிராம் இருக்கும். ஒரு சிகரெட் புகைத்தால் உடம்புக்குள் போவது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம். திரவத்தில் இருப்பது எல்லாமே ரத்தத்தில் சேராது, அதனால் நேராக வகுத்துக் கணக்குப் போட முடியாது, இருந்தாலும் கையில் இருப்பது எவ்வளவு என்று புரியும். ஐரோப்பிய ஒன்றியம் 1 மில்லிக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம் என்று சட்டமே போட்டிருக்கிறது.

தொண்டையை வைத்து அளவிடுவது இதைவிட மோசமான ஏமாற்றம். பழைய வகைத் திரவத்தில் நிகோடின் அதிகமானால் தொண்டை எரியும், இருமல் வரும், அதுவே ஒரு பிரேக் மாதிரி இருந்தது. இப்போது நிறைய வேப்பில் வருவது சால்ட் நிக். நிகோடினோடு பென்சாயிக் அமிலம் மாதிரி ஏதாவது ஒரு அமிலத்தைச் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறார்கள், அதனால் எவ்வளவு வீரியமாக இருந்தாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்கிற வேப் 1 மில்லிக்கு 59 மில்லிகிராம் வரை கொடுக்க முடிந்தது இப்படித்தான். மென்மையாக இருக்கிறது, அதனால் லைட்டாகத்தான் இருக்கும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இது தெரிந்ததும் சிலர் 1 மில்லிக்கு 50 மில்லிகிராம் திரவத்திலிருந்து ஒரேயடியாக 10க்கு இறங்குவார்கள். உடம்பு விடாது. இழுப்பு நீளமாகும், அடிக்கடி ஆகும், கடைசியில் திரவம்தான் வேகமாகத் தீரும். படிப்படியாக இறக்குங்கள், ஒவ்வொரு படியிலும் இழுப்பு கூடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிகோடின் இல்லை என்று அச்சிட்ட சில திரவங்களைச் சோதித்தபோது அதிலும் நிகோடின் இருந்திருக்கிறது, அந்த எழுத்தை அப்படியே நம்பவும் வேண்டாம்.

வேப்பும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு சிகரெட் மட்டும் என்பவர்கள் நிறையப் பேர். ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு நாளைக்கு 20 சிகரெட்டால் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, அந்த ஒன்றிலேயே வந்துவிடுகிறது. சிகரெட்டை விடத்தான் வேப் என்றால் முழுசாக விட்டால்தான் பலன்.

அப்படி விட்டவர்களுக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் காபி. சிகரெட் புகையில் இருக்கும் ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாக வெளியேற்ற வைக்கும், வேப் அப்படிச் செய்யாது. பழைய கணக்கிலேயே காபி குடித்தால் படபடப்பு வரும், தூக்கம் போகும். அதை நிகோடின் போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்பார்கள். காபியைக் குறைத்துப் பாருங்கள். க்ளோசபின் (மனநோய்க்கு), தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு) போன்ற மருந்து எடுப்பவர்கள் சிகரெட்டை விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவை மாற்ற வேண்டி வரலாம்.

சிகரெட்டே தொடாதவர், அதிலும் 25 வயதுக்குள் இருப்பவர், "சிகரெட்டைவிடப் பரவாயில்லை" என்று வேப்பைத் தொடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவருக்கு எதைவிடப் பரவாயில்லை? மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் நிகோடின் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் மேல் நிகோடினின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று தெரிய வேண்டுமானால், காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு என்று பாருங்கள். 5 நிமிடத்துக்குள் என்றால் அடிமைத்தனம் கடுமையாகவே இருக்கிறது. விடும்போது முதல் 2, 3 நாள்தான் ரொம்பக் கஷ்டம், மொத்தமாக 2 முதல் 4 வாரம் இழுக்கும். நிகோடின் பேட்ச், சூயிங்கம் எல்லாம் உதவுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவசரத்தில் விட்டுவிட்டுத் திரும்ப சிகரெட்டுக்குப் போவதைவிட மெதுவாக விடுவதே மேல்.

நண்பர் இப்போது ராத்திரி வேப்பை வேறு அறையில் வைத்துப் பூட்டுகிறார். முதல் வாரம் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாராம். காலை முதல் இழுப்பு இப்போது ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது.