160 சதுர அடியில் நாலு பேர்: கப்பல் கேபினில் குடும்பமாகத் தங்குவது எப்படி?

கொங்குப் பக்கத்தில் கடல் கிடையாது. கோவைக்குக் கிட்டத்தில் இருக்கிற பெரிய துறைமுகம் கொச்சி, அதுவே 190 கிலோமீட்டர் சொச்சம். அதனால் நம்மில் பெரும்பாலானவர்கள் சுற்றுலாக் கப்பலின் கேபினை, அதாவது தங்கும் அறையை, முதன்முதலில் பார்ப்பது, பணமெல்லாம் கட்டி, கப்பலேறி, அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்கிற அந்த நிமிடத்தில்தான். ஆசாரம், திண்ணை, வாசல், பின்னால் தோட்டம் என்று பரந்து புழங்கிய குடும்பம் அது. கதவைத் திறந்தால் எதிரே கட்டில், கை நீட்டினால் சுவர். "இதுக்குள்ளயா நாலு பேரும்?" என்று அம்மிச்சி கேட்டுவிட்டால் முதல் நாள் மாலையே எல்லோர் முகமும் சுருங்கிவிடும்.

அப்படி ஆக வேண்டியதே இல்லை. சின்னக் கேபினில் 4 பேர் சில இரவுகள் நிம்மதியாகத் தங்கலாம். அதற்கு முக்கியமாக வேண்டியது, தரை எந்நேரமும் காலியாக இருப்பது. கீழே நான் சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் இந்தத் தரையைக் காப்பாற்றுகிற வழிகள்தான்.

படி 1: யாரோடு யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். பெரும்பாலான கேபின்களில் கீழே 2 படுக்கைகள் இருக்கும். சேர்த்துப் போட்டால் ஒரே கட்டில், பிரித்தால் தனித்தனி. 3வது, 4வது ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்குகிற மேல் படுக்கை. ரயிலில் அப்பர் பெர்த்தில் ஏறுகிற மாதிரி சின்ன ஏணியில் ஏற வேண்டும். சில கேபின்களில் இதற்குப் பதிலாக, விரித்தால் படுக்கையாகும் சோபா இருக்கும்.

6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மேலே படுக்க வைக்காதீர்கள். முட்டி வலி உள்ளவர்களும் மேலே ஏறக் கூடாது. அப்படியானால் மேல் படுக்கைக்கு யார் என்று உங்கள் குடும்பத்தில் எண்ணிப் பாருங்கள். கணவன், மனைவி, 8 வயதுக்கு மேல் 2 பிள்ளைகள் என்றால் ஒரே கேபின் தாராளமாகப் போதும். அப்புச்சியும் அம்மிச்சியும் வருகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தனிக் கேபின் போடுங்கள். மாமனார், மாமியார், மகன், மருமகள் நாலு பேரையும் ஒரே அறையில் அடைக்கவே அடைக்காதீர்கள். உடை மாற்றுவது முதல் உறங்குவது வரை ஒவ்வொன்றும் அந்த மருமகளுக்குச் சங்கடம். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

பால்கனி கேபின் ஒன்று எடுத்து எல்லோரும் நெருக்கியடிப்பதைவிட, ஜன்னல் இல்லாத உள் கேபின் 2 எடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கடலைப் பார்க்க மேல்தளம் முழுக்க இடம் இருக்கிறது; இரண்டாவது பாத்ரூமுக்கு ஈடாக எதுவும் கிடையாது. ஒரே கேபினில் 3வது, 4வது ஆளுக்குக் கட்டணம் வழக்கமாகக் குறைவு என்பதால் ஒரே கேபின் மலிவாகத்தான் தெரியும். இருந்தாலும் இரண்டு வகைக்கும் விலை கேட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2 கேபின் என்றால் நடுவில் கதவு உள்ள இணைப்புக் கேபின்களாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் எதிரெதிரே.

இன்னொரு விஷயம். கேபினில் 4 படுக்கை இருந்தாலும் 4வது ஆளுக்குச் சில சமயம் டிக்கெட் தர மாட்டார்கள். கப்பலின் அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகுகளில் இடம் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் ஆள் ஏற்ற முடியாது. அதனால் 4 பேர் கேபின் வேண்டுமென்றால் சீக்கிரமே பதிவு செய்யுங்கள்.

கேபின் எண்ணை நாமே தேர்ந்தெடுக்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. நீச்சல் குளத்துக்கு நேர் கீழேயும் பாட்டுக் கச்சேரி நடக்கும் அரங்குக்கு நேர் மேலேயும் வேண்டாம்.

படி 2: வாசலில் கேபினை வரைந்து பாருங்கள்

இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள். அரை மணி நேர வேலைதான்.

உள் கேபின்கள் பொதுவாக 140 முதல் 185 சதுர அடி வரை இருக்கும், பாத்ரூமையும் சேர்த்து. பழைய கப்பல்களில் இன்னும் சின்னது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 1990இல் கடலுக்கு வந்தது. அந்தக் காலத்துக் கப்பல்களில் கேபினைத் தூங்கவும் குளிக்கவும் மட்டுமே என்று கட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீம் 2016இல் வந்தது, அதில் அறைகள் கொஞ்சம் பெரிது. நீங்கள் எடுத்த கேபினின் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு 160 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். கோலமாவை எடுத்து வாசலில் 16 அடிக்கு 10 அடி ஒரு கட்டம் போடுங்கள். கட்டிலுக்கு 6க்கு 7 அடி. கதவோரம் பாத்ரூமுக்கு 5க்கு 5 அடி. அலமாரிக்கும் மேசைக்கும் சேர்த்து 20 சதுர அடி. மிச்சம் இருப்பது 73 சதுர அடி, அதாவது 4 பேருக்கு ஆளுக்கு 18. இப்போது 28 அங்குலப் பெட்டி ஒன்றை அந்த மிச்ச இடத்தில் திறந்து வையுங்கள். ஒரு பெட்டி கிட்டத்தட்ட 8 சதுர அடியை விழுங்கும். 3 பெட்டி திறந்து கிடந்தால் நடக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

பிள்ளைகளையும் அந்தக் கட்டத்துக்குள் நிற்கச் சொல்லுங்கள். ஒருவர் பாத்ரூம் கதவைத் திறப்பதாக நினைத்துக்கொள்ளட்டும், ஒருவர் செருப்பு மாட்டட்டும். யார் உட்கார்ந்தால் யார் நடக்கலாம் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். அப்புறம் கப்பலில் நீங்கள் கத்த வேண்டியிருக்காது.

படி 3: பெட்டி கட்டுவது

ஆளுக்கொரு பெட்டி வேண்டாம். 4 பேருக்கு 2 பெட்டி போதும், அதிலும் ஒன்று துணிப்பையாக இருக்கட்டும். காலி ஆனதும் மடிக்கலாம், ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கலாம். பெட்டிகளின் இடம் கட்டிலுக்கு அடியில். கெட்டியான பெரிய பெட்டி சில கப்பல்களில் அங்கே நுழையாது.

குளித்துத் துவட்டச் சென்னிமலைப் பக்கத்து ஈரிழைத் துண்டு கொண்டுபோங்கள். கப்பலிலும் துண்டு தருவார்கள். ஆனால் கெட்டித் துண்டு 4 ஈரமாகத் தொங்கினால் அறையே புழுங்கி நாறும். ஈரிழை சீக்கிரம் காயும், மடித்தால் உள்ளங்கை அளவு. திருப்பூர் பனியன் துணி உடம்புக்கு நல்லதுதான், ஆனால் கேபினில் துவைத்துப் போட்டால் லேசில் காயாது. துவைக்கிற எண்ணம் இருந்தால் மெல்லிய பாலியஸ்டர் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் எடுக்க வேண்டியது காந்தக் கொக்கி. பெரும்பாலான கப்பல்களில் கேபின் சுவர் உலோகம், காந்தம் நன்றாகப் பிடிக்கும். தொப்பி, கைப்பை, ஈரத் துண்டு, கழுத்தில் மாட்டும் அட்டை என எல்லாம் சுவருக்கு ஏறிவிடும். கதவுக்குப் பின்னால் தொங்கவிடப் பல அறைகள் உள்ள துணிப்பை ஒன்று இருந்தால் மாத்திரை, சீப்பு, சார்ஜர் எல்லாம் அதற்குள் போய்விடும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வரிசை ஒதுக்கிக் கொடுங்கள்.

எடுக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. கப்பலில் தீ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. அதே காரணத்துக்காகக் கற்பூரம், ஊதுபத்தி, அகல் விளக்கும் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் இருக்க மாட்டார் என்றால் ஆத்தாவிடம் முன்கூட்டியே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். சின்னச் சாமி படமும் விபூதியும் போதும், மனசார நின்று கும்பிடலாம். ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அவர் பையைக் கிளறும்படி விடாதீர்கள்.

வீட்டில் சுட்ட முறுக்கு, ஒப்புட்டு போன்றவற்றையும் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் அநேகமாகப் பிரச்சினை இல்லை. கைக்குழந்தைக்கான உணவுக்குத் தனி விதி உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். காலி பிளாஸ்க் ஒன்று வைத்துக்கொண்டால் சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீர் பிடித்து வரலாம்.

படி 4: ஏறும் நாள்

பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது கேபின் வாசலுக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். ஆகவே ஒரு கைப்பையில் மாத்திரைகள், பாஸ்போர்ட், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, நீச்சல் உடை, பவர் பேங்க் இவையெல்லாம் உங்களோடு இருக்கட்டும். சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்து சென்னையில் இறங்குகிறவர்களுக்கு அந்த மாற்றுத்துணியின் அருமை தெரியும். சிங்கப்பூரில் ஏறுவதானால் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது.

கேபினுக்குள் போனதும் யாரும் கட்டிலில் சாயாதீர்கள். மேல் படுக்கை சரியாக இறங்குகிறதா, உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில கப்பல்களில் அது அலமாரியில் இருக்கும், சிலவற்றில் ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூடும் இடத்தில் தருவார்கள். பாதுகாப்புப் பயிற்சிக்குக் குடும்பத்தோடு போங்கள். 2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் விபத்துக்குள்ளான பிறகு சர்வதேச விதியை மாற்றி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி நடக்க வேண்டும் என்று 2015 முதல் கட்டாயமாக்கிவிட்டார்கள். வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கூடும் இடத்துக்கு நடந்து வழி காட்டுங்கள்.

பெட்டி வந்ததும் 20 நிமிடம் ஒதுக்கி, துணியையெல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலடியில் தள்ளுங்கள். அத்தோடு இறங்கும் நாள்வரை பெட்டி வெளியே வரக் கூடாது. கேபினைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டிடம் அன்றே பெயர் கேட்டுப் பேசிவிடுங்கள். காலையில் மேல் படுக்கையை மடித்துவிட்டு இரவில் இறக்கித் தரச் சொன்னால் செய்வார். பகலில் தலைக்கு மேலே படுக்கை தொங்காமல் இருந்தாலே அறை இரட்டிப்பாகத் தெரியும்.

பிளக் பாயின்ட் ஒன்றிரண்டுதான். பல கப்பல்களில் தட்டை முனைக்கு 110 வோல்ட், உருண்டை முனைக்கு 220 வோல்ட் என்று 2 வகை இருக்கும். நம் 2 முனைச் சார்ஜர் உருண்டை வகையில் ஏறும், 3 முனை ஏறாது. பல யுஎஸ்பி துளைகள் உள்ள ஒரே சார்ஜர் கொண்டுபோனால் 4 போனுக்கும் போதும். போனைக் கப்பல் கிளம்பும்போதே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழி ரோமிங் கட்டணம் வயிற்றில் அடிக்கும். அதற்குப் பதில் மேசையில் ஒரு தாள் வைத்து, யார் எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

படி 5: பாத்ரூம்

குடும்பத்தில் சண்டை வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாசற்படி உயரமாக இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க அப்படிக் கட்டியிருப்பார்கள். முதியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் 2 தடவை ஏறி இறங்கப் பழக்கிவிடுங்கள். இரவில் தடுக்கி விழுந்தால் பயணமே போச்சு. கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை, பெரிய சத்தம் வரும். சின்னப் பிள்ளைகள் பயப்படாமல் இருக்க, மூடியை மூடிவிட்டு அமுக்கக் கற்றுக்கொடுங்கள். அங்கே தரும் தாளைத் தவிர எதையும் அதில் போடக் கூடாது. ஈரத் துடைப்பான் ஒன்று அடைத்தால் பக்கத்துக் கேபின்களுக்கும் சேர்த்து வேலை நின்றுவிடும். நம் வீடுகளில் இருப்பது போன்ற கைப்பீச்சி பல கப்பல்களில் இருக்காது. கையடக்கமான பிளாஸ்டிக் குவளையோ அழுத்தினால் பீச்சும் பாட்டிலோ கொண்டுபோங்கள். பெரியவர்களுக்கு இது மிகப் பெரிய ஆறுதல்.

குளிக்கும் முறையை முதல் இரவே பேசி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் இரவில் குளிக்கட்டும். காலையில் முதலில் எழுகிறவர் முதலில், ஆளுக்கு 10 நிமிடம். தலை சீவுவது, பவுடர் போடுவது எல்லாம் வெளியே மேசைக் கண்ணாடியில். அப்படியும் நெருக்கடி என்றால், பல கப்பல்களில் உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிக் குளியலறைகள் இருக்கின்றன, பயணிகளுக்குக் கட்டணமில்லை. வீட்டுக்கு ஒருவர் அங்கே போனாலே வரிசை குறையும்.

ஷவருக்கு மேலே இழுத்து மாட்டும் கொடி ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஈரமானவை எல்லாம் அதில்தான், நாற்காலி முதுகில் போடக் கூடாது.

படி 6: இரவு

ஜன்னலில்லாத கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததே தெரியாது. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றைப் பாத்ரூம் பக்கம் வையுங்கள். டிவியில் கப்பல் முகப்புக் கேமரா வருகிற சேனல் இருந்தால் ஒலியை அடைத்துவிட்டு அதை ஓடவிடலாம். ராத்திரி மங்கலாகவும் விடிந்தால் வெளிச்சமாகவும் மாறும், பிள்ளைகளுக்கு அது ஒரு ஜன்னல்.

கடைசியாகத் தூங்குகிறவர் மறுநாள் போடும் துணியை முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். இருட்டில் அலமாரியை உருட்டினால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள்.

வயிற்றைப் புரட்டினால் அறைக்குள் படுத்தே கிடக்காமல், மேல்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். அவோமின் போன்ற மாத்திரை ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டால்தான் பலன் தரும், தூக்கமும் வரும். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் புயல் காலம். முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம் என்றே சொல்வேன்.

படி 7: இறங்குவதற்கு முந்தின இரவு

பெட்டிகளை ராத்திரியே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் போடும் துணி, செருப்பு, பாஸ்போர்ட், மாத்திரை மட்டும் கைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு இரவு உடையோடு நிற்கிறவர்கள் நிஜமாகவே உண்டு. விமானத்தில் திரும்புகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கிளம்பும்போது மேல் படுக்கையின் மெத்தை ஓரம், லாக்கர், ஷவர் கொடி, கட்டிலடி நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காந்தக் கொக்கிகளையும் மறக்காமல் கழற்றிக்கொள்ளுங்கள்.